கடைசி அரை நொடி

ஒரகடத்துக் கிடங்கில் செண்பகம் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்தாள். அவள் அளந்து பார்த்ததில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை அளந்தது. எந்த வரிசைக்குப் போக வேண்டும், எந்தத் தட்டில் எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும், இடப்பக்கம் திரும்ப வேண்டுமா வலப்பக்கமா என்று சொன்னதும் அந்தப் பட்டைதான். கழிப்பறைக்குப் போனால், எப்போது வெளியே வர வேண்டும் என்றும் அதிர்ந்து சொல்லும். நான்கு வருடத்தில் அவள் நடந்த தூரம் பூமியின் சுற்றளவில் பாதிக்கு மேல். முழுவதும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே.

தொழிலாளர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் இருந்தது. ‘நொடி’ நிறுவனம் சட்டத்தை மதிக்கும் நிறுவனம். கிடங்கின் வாசலில் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றில் எப்போது உட்காரலாம் என்று சட்டம் சொல்லவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை. நாற்காலிகளின் மேல் போர்த்தியிருந்த பாலித்தீன் உறை நான்கு வருடமாகப் பிரிக்கப்படாமல் இருந்தது.

அதனால்தான் ‘மேலே வாங்க’ திட்டத்தின் அறிவிப்பு வந்தபோது செண்பகம் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். கிடங்கில் இருப்பவர்கள் டெலிவரி ஓட்டுநர்களாகப் பதவி உயர்வு பெறலாம். வெள்ளைச் சட்டை, தோளில் நீலப் பட்டி, குளிரூட்டப்பட்ட வண்டி. அவள் கண்ணில் பட்டது இவை எதுவும் இல்லை. அறிவிப்பின் படத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் தணிகாசலம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவன். லாரிகள் தாங்களாகவே ஓடத் தொடங்கிய பிறகு, படப்பையில் ஒரு பஞ்சர் கடையில் பாதிநாள் வேலை பார்த்தான். அவனும் ‘நொடி’யில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். பழைய அபராதங்கள் ஏழும், ஒரு விபத்து வழக்கும் இருந்ததால் தள்ளிவிட்டார்கள்.

“நீ டிரைவரா?” என்றான். “சைக்கிள் ஓட்டத் தெரியுமா உனக்கு?”

“வண்டி தானா ஓடுமாம். சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம்.”

“தானா ஓடுற வண்டிக்கு டிரைவர் எதுக்காம்?”

“அதெல்லாம் எனக்கெதுக்குங்க? உக்காரலாம்.”

தேர்வு மைதானத்தில் எட்டுப் போட்டது வண்டி. தேர்ச்சி பெற்றது செண்பகம். ஸ்டீயரிங் மேல் அவள் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். அது அவள் கைகளுக்குக் கீழே, கோயில் தேரின் வடம் பிடிப்பவன் கையில் வடம் நகர்வதைப் போல, தன்பாட்டுக்கு நகர்ந்தது. பக்கத்தில் இருந்த அதிகாரி, “பதற்றமே இல்லாம ஓட்டினீங்கம்மா” என்று பாராட்டினார்.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தவள் ரெஜினா. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தாள். எல்லோரையும் ‘சாம்பியன்’ என்று கூப்பிடுவாள்.

“இந்த வண்டி உங்களை மதிக்குது, சாம்பியன்ஸ்” என்றாள். “சாதாரணமா ஓட்டுற வேலையை அதுவே பாத்துக்கும். ஆனா ரொம்ப முக்கியமான நேரம்னு ஒண்ணு வரும் இல்லையா? அப்போ ஒரு மெஷினை நம்பலாமா? கூடாது. அப்போ மனுஷங்கதான் வேணும். அதனால மோதப் போகுதுன்னு தெரிஞ்சா வண்டி தன் அதிகாரத்தை உங்க கையில குடுத்துடும். கடைசி அரை நொடி உங்களோடது!”

கைதட்டினார்கள். செண்பகமும் தட்டினாள்.

அன்று தணிகாசலம் அதை இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“ஆக்சிடென்ட் கேஸ்ல ஜட்ஜ் முதல்ல கேக்கறது என்ன தெரியுமா? மோதுனப்ப வண்டி யார் கையில இருந்துச்சுன்னு. அதான். ஊரெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து, மோதறதுக்கு அரை நொடி முன்னாடி உன் கையில குடுத்துட்டு அது நல்ல புள்ளையா ஒதுங்கிக்கும்.”

“அரை நொடியில நான் என்ன பண்ண முடியும்?”

“கண்ணை மூடிக்கலாம்.”

“எதுக்கு இப்படி ஒரு ஏற்பாடு?”

“வண்டி மேல தப்புன்னு ஒரு கேஸ் எழுதிட்டாப் போதும், அந்த மூளை வச்ச வண்டி அத்தனையும் நிக்கணும். சட்டம் அப்படி. உன் மேல எழுதினா நீ மட்டும்தான் நிப்ப. உன்னை மாதிரி சுத்தமான லைசென்ஸ் கிடங்குல இன்னும் ஆயிரம் இருக்கு. அதையும் அட்டைப்பெட்டியில அடுக்கித்தான் வச்சிருக்கான்.”

இரண்டு வருடத்தில் ‘நொடி’ வண்டிகள் இருநூற்றுப் பதினோரு விபத்துகளில் சிக்கியிருந்தன. இருநூற்றுப் பதினொன்றிலும் தவறு ஓட்டுநர்களுடையது என்று கோப்பு சொன்னது. மனிதர்கள் இவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று, மனிதர்களே ஓட்டிய காலத்தில்கூட யாரும் நினைத்ததில்லை.

செண்பகம் யோசித்தாள். அவள் குதிகாலும் யோசித்தது. மறுநாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதல் நாள் வழக்கப்படி நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி நகரவில்லை. சக்கரத்தடியில் அந்நியப் பொருள் இருப்பதாகத் திரை சிவந்தது. இது முன்பே நடந்த விஷயம்தான் என்று வாகனப் பிரிவுப் பொறியாளர் நிவேதன் வந்து சொன்னான். ஓட்டுநர்கள் எலுமிச்சம்பழத்தை விடுவதாக இல்லை. ஆகவே எலுமிச்சம்பழத்தைக் கண்டுகொள்ளாதே என்று வண்டிகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; இந்த வண்டி விட்டுப்போயிருந்தது.

“இப்படித்தான் அக்கா ஒவ்வொண்ணா” என்றான். “வந்த புதுசுல எல்லாத்துக்கும் நிக்கும். நடுரோட்ல உடைச்ச பூசணிக்காய்க்கு நிக்கும். காயப்போட்ட நெல்லுக்கு நிக்கும். பேனருக்கு நிக்கும் பாருங்க, அதுதான் பெரிய தலைவலி. பேனர்ல இருக்கவங்க கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்களா, ரோடு கிராஸ் பண்ணப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டு காத்திருக்கும். ஒரு கல்யாண பேனருக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் நின்னுச்சு. மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு பக்கத்துச் சம்பந்தி, மொத்தம் முப்பத்தோரு பேரு. எல்லாரும் கடந்து போகட்டும்னு.”

“அப்புறம்?”

“பேனர்ல இருக்கறது ஆள் இல்லைன்னு சொல்லிக்குடுத்தோம். ரோட்டை அடைச்சுக் கட்டியிருந்தா, துணிதானே, உரசிக்கிட்டுப் போயிடும்.”

எதைப் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த வண்டி, எதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று இங்கே கற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் அதற்கு நம் ஊர்ச் சாலையில் ஓட்ட வந்தது.

ஐந்து மாதம் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். கால் வீக்கம் வடிந்தது. தெருக்களைப் பார்த்தாள், நான்கு வருடத்தில் எத்தனை கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன என்று பார்த்தாள். பார்சலைக் கொடுக்கும்போது மக்கள் அவளை ‘டிரைவரம்மா’ என்று கூப்பிட்டார்கள். அக்கம்பக்கத்தில் தணிகாசலத்தை ‘டிரைவரம்மா வீட்டுக்காரர்’ என்றார்கள். அவன் அதைக் கேட்காத மாதிரி நடந்துபோகக் கற்றுக்கொண்டான்.

ஆறாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வண்டி திருவேங்கட நகர் மூன்றாவது தெருவுக்குள் திரும்பியது. தெருவின் இடப்பக்கத்தில் பாதியை அடைத்துச் சவுக்குக் கம்புகள் நட்டு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். ‘வட்டத்தின் வைரமே! நாற்பத்தெட்டாவது அகவை காணும் அண்ணன் குணாளன் அவர்களே!’ பேனரில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் குணாளன் வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி நின்றார். பேனருக்கு முன்னால் அதே குணாளன் அதே வெள்ளை வேட்டி சட்டையில் அதே மாதிரி கைகூப்பி நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தொண்டர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அசையாதீங்க! அப்படியே!” என்று அவர் கத்துவது கண்ணாடி வழியாகவே செண்பகத்துக்குக் கேட்டது.

குணாளன் அசையவில்லை. வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை.

கைகளுக்குக் கீழே ஸ்டீயரிங் சட்டென்று இளகியது. இத்தனை மாதமாக அவள் கையை இழுத்துக்கொண்டு போன ஏதோ ஒன்று விட்டுவிட்டுப் போனதைப் போல. செண்பகம் வலப்பக்கம் வெட்டித் திருப்பினாள். வண்டியின் பின்பக்கம் சவுக்குக் கம்புகளை வாரியது. எதிர்ப்பக்கம் நின்றிருந்த தண்ணீர் லாரியின் பின்னால் போய் முட்டி நின்றது.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லி முடித்தது: “வண்டி உங்கள் கையில்.” அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு ஒன்றரை நொடி தேவைப்பட்டது.

பேனர் சரிந்து விழுந்திருந்தது. குணாளனை அவருடைய முகத்துக்கு அடியிலிருந்து நான்கு பேர் இழுத்து வெளியே எடுத்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

மாலையில் தணிகாசலம் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தார் மேல் சக்கரம் இழுத்த கறுப்புக் கோட்டைக் காலால் அளந்து பார்த்திருந்தான்.

“நீயா திருப்புன?”

“கை தானாத் திரும்பிடுச்சுங்க.”

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். பிறகு, “தானாத் திரும்பணும். அதுக்குப் பேருதான் டிரைவிங்” என்றான். அவளைக் கல்யாணம் செய்து பதினாறு வருடத்தில் அவன் அவளைப் பாராட்டியது, அவளுக்கு நினைவு தெரிந்து, இரண்டாவது முறை. முதல் முறை கருவாட்டுக் குழம்புக்காக.

இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்தில் விசாரணை. எஸ்.ஐ. தேவசகாயம் மதியச் சாப்பாட்டுக்குள் கோப்பை முடித்துவிட விரும்பினார். மேசைக்கு இந்தப் பக்கம் கையில் மாவுக்கட்டோடு குணாளன். பக்கத்தில் ரெஜினா, ஒரு பிளாஸ்டிக் கோப்போடு. வண்டியின் பதிவுகளை எடுத்துக்கொண்டு நிவேதன். செண்பகம் நின்றாள். நாற்காலி மூன்றுதான் இருந்தது. தணிகாசலம் வாசலில், அழைக்கப்படாதவர்கள் நிற்கும் இடத்தில் நின்றான்.

“இது திட்டமிட்ட கொலை முயற்சி” என்று குணாளன் தொடங்கினார். “பொறந்தநாள் அன்னிக்குப் பாத்து என்னைத் தூக்கணும்னு எதிர்கோஷ்டி போட்ட பிளான்.”

எஸ்.ஐ. செண்பகத்தைப் பார்த்தார். “எந்தக் கோஷ்டிம்மா நீ?”

“நான் கிடங்குல டி பிளாக்குங்க சார். சோப்பு, ஷாம்பு.”

“அண்ணே, கொலை முயற்சின்னா மேல வரைக்கும் போகும். இந்தம்மா சோப்பு ஷாம்புங்குது” என்றார் எஸ்.ஐ. “இருங்க. தம்பி, வண்டி என்ன சொல்லுது?”

நிவேதன் ரெஜினாவைப் பார்த்தான். அவள் தலையை மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. ஆனால் அவன் பொறியாளர். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன்.

“வண்டி சாரைப் பாத்திருக்கு சார். ஆனா ஆளுன்னு எடுத்துக்கலை. பேனரோட சேத்துட்டுது. கடைசியிலதான் உடம்புச் சூட்டை வச்சுச் சந்தேகப்பட்டுக் கையை விட்டிருக்கு.”

“என்னைய?” என்றார் குணாளன்.

“நீங்க அசையவே இல்லை சார். பின்னாடி படமும் அதே டிரஸ், அதே கும்பிடு. தொண்ணூத்திரண்டு சதவீதம் ஃப்ளெக்ஸ்னு போட்டிருக்கு.”

“என்னைப் பாத்தா ஃப்ளெக்ஸ் மாதிரியாய்யா இருக்கு?”

எஸ்.ஐ. அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்.

இருபது வருட அரசியல் வாழ்க்கை குணாளன் முகத்தில் வேகமாகக் கணக்குப் போட்டது. பேனர் என்று ஒரு இயந்திரம் தன்னை நினைத்தது வெளியே தெரிந்தால், எதிர்கோஷ்டிக்கு இனிமேல் வேறு எதுவும் தேவைப்படாது.

“சரி, கொலை முயற்சி வேணாம்” என்றார். “அந்தம்மா ஏதோ தெரியாமத் தப்பு பண்ணிடுச்சு. பொம்பளை. மன்னிச்சுட்டேன். அப்படியே எழுதிக்குங்க. இந்தப் பேனர் கதை மட்டும் பேப்பர்ல வரக் கூடாது.”

ரெஜினாவின் முகம் மலர்ந்தது. கோப்பைத் திறந்து ஒரு தாளை மேசையில் வைத்தாள்.

“நாங்களும் அதைத்தான் சொல்றோம் சார். எங்க ஓட்டுநர்களை நாங்க சும்மா எடுக்கறதில்லை. கிடங்குல இவங்க கை வேகம் ஒரு பொருளுக்கு நொடியில பத்துல மூணு பங்கு. நாலு வருஷ ரெக்கார்டு இருக்கு. அரை நொடிங்கறது இவங்களுக்குத் தாராளம். அவ்வளவு நேரம் கையில இருந்தும் மோதினா, அது இவங்க கவனக்குறைவுதானே?”

செண்பகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது, அத்தனை பேரில் தன்னை ஏன் எடுத்தார்கள் என்று. நான்கு வருடம் ஓடி ஓடி எடுத்து அடுக்கியது அவளுக்கு எதிரான சாட்சியமாக வளர்ந்திருந்தது.

“சாம்பியன்” என்று ரெஜினா அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “பயப்படாதீங்க. கையெழுத்துப் போடுங்க. லைசென்ஸ் ஆறு மாசம் நிறுத்துவாங்க, அவ்வளவுதான். நீங்க திரும்பி வந்த பொருளையெல்லாம் சரிபாக்கற பிரிவுக்கு வந்துடுங்க. நாற்காலி, மேஜை, தலைக்கு மேல ஃபேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் உக்காந்தே வேலை பாக்கலாம். நான் கியாரண்டி.”

“போடலைன்னா?”

“வண்டி எல்லாம் நின்னுடும். அறுநூத்து நாப்பது வண்டி. அறுநூத்து நாப்பது டிரைவர் வீட்டுல உலை வைக்க மாட்டாங்க. உங்களால.”

செண்பகம் தாளை எடுத்துப் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பவள் இல்லை அவள். ஆனால் மெதுவாகப் படித்தாள். ‘மேற்படி நாளில் மேற்படி வாகனத்தை ஓட்டிவந்த நான், தவறுதலாக அதை வலப்பக்கம் திருப்பி…’

எஸ்.ஐ. பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு குனிந்தாள். கையெழுத்து இடும் இடத்துக்குப் போகாமல் பேனா மேலே இருந்த வரியில் நின்றது. ‘தவறுதலாக’ என்பதை அடித்தாள். மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். “என்ன பண்றீங்க நீங்க? தெரிஞ்சேன்னா அது…”

“நாலு வருஷம் பட்டை சொன்ன பக்கம் திரும்பினேன் மேடம். அஞ்சு மாசம் வண்டி திரும்பின பக்கம் திரும்பினேன். எம் புத்திக்கு நான் திரும்பினது அந்த ஒரு தடவைதான். அதைப் போயித் தப்புன்னு எழுதச் சொல்றீங்களே.”

எஸ்.ஐ. தாளைத் தன் பக்கம் இழுத்தார். மதியச் சாப்பாடு கைவிட்டுப் போவது அவருக்குத் தெரிந்தது. ‘தெரிந்தே’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். பதிலையும் எழுதியே ஆக வேண்டும்.

“தெரிஞ்சே ஏம்மா திருப்பின?”

“நேரா ஒரு ஆளு நின்னாருங்க சார்.”

குணாளன் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த அறையில் அதுவரை அவரை ஆள் என்று சொன்னவர் அவள் ஒருத்திதான்.

இந்த முறை கோப்பில் தவறு வண்டியின் மேல் எழுதப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை அறுநூற்று நாற்பது வண்டிகளும் நின்றன. செண்பகத்தின் வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டார்கள். டீக்கடையில் இரண்டு ஓட்டுநர்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் காரித் துப்பினான். ‘மரணத்தை வென்ற மாவீரர்’ என்று குணாளனுக்கு ஆறு இடங்களில் பேனர் வைத்தார்கள்.

ஆனால் கிடங்கு நிற்கவில்லை. பெட்டிகள் வந்து குவிந்தன. வாசலைத் தாண்டிச் சாலை வரை அடுக்கினார்கள். எட்டாவது நாள் ‘நொடி’ ஒரு விளம்பரம் வெளியிட்டது. பழைய வண்டிகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், கிளட்சும் கியரும் உள்ளவை. ‘ஓட்டுநர்கள் தேவை. ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.’ பழைய அபராதங்கள் பொருட்படுத்தப்படமாட்டா என்று சிறிய எழுத்தில் இருந்தது.

வரிசையில் தணிகாசலத்துக்கு நூற்றுப் பதினான்காவது இடம். அவனுக்குப் பின்னால் செண்பகம் நின்றாள்.

“உனக்கெதுக்குடி? எனக்குக் கெடைச்சாப் போதாதா?” என்றான்.

“நீங்க உக்காந்தா என் கால் வலி போயிடுமா?”

முன்னால் போன நூற்றுப் பதின்மூன்று பேரில் பெரும்பாலானவர்கள் நின்றுபோன வண்டிகளின் ஓட்டுநர்கள்; அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. தணிகாசலத்தை இரண்டு கேள்வியில் எடுத்துக்கொண்டார்கள். அவன் போகாமல் ஓரமாக நின்றான்.

மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். “ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்.”

“எவ்வளவு அனுபவம்?”

“அரை நொடி.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தாள். “இதுல வருஷத்துக்குத்தான் கட்டம் இருக்கு. பூஜ்யம்னு போட்டுக்கவா?”

“போட்டுக்குங்க” என்றாள் செண்பகம். “பக்கத்துல, ஆளு சாகலைன்னும் எழுதிக்குங்க.”